ஸ்போர்ட்ஸ் கோட்டா, இன்ஸ்டாகிராம், பேச்சுரிமை

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரி மைதானங்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டுக்கான செலக்சன் தொடங்கிவிடும். காலை ஆறு மணிக்கே பிள்ளைகள் கிட் பேக்கோடு வந்து நிற்பார்கள். உயரம், எடை, வெர்டிகல் ஜம்ப், ஓட்டம், அப்புறம் மேட்ச். சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் பட்டியல் பதினைந்தாகச் சுருங்கும். அந்தப் பதினைந்து எப்படி எட்டாகிறது என்பதுதான் பெற்றோர் பலருக்குத் தெரியாத பகுதி. ஆட்டத்தில் ஏறக்குறைய சமமாக நிற்கிற இரண்டு பேரில் யாரை எடுப்பது என்று வரும்போது, தேர்வு செய்பவர்கள் போனை எடுத்து அந்தப் பிள்ளைகளின் இன்ஸ்டாகிராமைத் திறக்கிறார்கள்.

இதைப் பற்றி மைதானத்தில் இரண்டு விதப் பேச்சு உண்டு. "என் அக்கவுண்ட், என் இஷ்டம், பேச்சுரிமை இருக்கு" என்பது பிள்ளைகள் பக்கம். "சீட் கிடைக்கிற வரைக்கும் போனைத் தொடாதே, இருக்கறதெல்லாம் அழிச்சுப்போடு கண்ணு" என்பது வீட்டுப் பக்கம். இரண்டும் பாதிதான் சரி. பேச்சுரிமை தண்டிக்க வருபவருக்கு எதிராக நிற்கும். கூப்பிடாமல் விட்டுவிடுபவருக்கு எதிராக நிற்காது. இது பிடிபட்டால் எதை அழிப்பது, எதை அழிக்காமல் வைத்திருப்பது, எங்கே சண்டை போடுவது என்பதெல்லாம் தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் சீட் எந்த வழியில் வருகிறது என்று பாருங்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. அங்கே சான்றிதழுக்குப் புள்ளி, புள்ளிக்கு ரேங்க். உங்கள் ரீல்ஸை யாரும் பார்க்கப்போவதில்லை, பார்க்கவும் கூடாது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வும் சான்றிதழை வைத்துத்தான். தனியார் கல்லூரி கட்டணச் சலுகையோடு தருகிற சீட் வேறு கணக்கு. டியூசன் பீஸ், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் சேர்த்து மூன்று வருடத்துக்குப் பெரிய தொகையை நிர்வாகம் ஒரு ஆட்டக்காரர் மேல் போடுகிறது. யாருக்கு என்பதை பிசிக்கல் டைரக்டர் (பி.டி.) சொல்ல, நிர்வாகம் கையெழுத்துப் போடுகிறது. நிராகரித்தால் காரணம் எழுதித் தருவதில்லை. சமூக வலைத்தளம் வேலை செய்வது இந்த இரண்டாவது வழியில்தான்.

பார்ப்பது பெரும்பாலும் பி.டி. சாரே இல்லை. டீமில் ஏற்கெனவே ஆடும் சீனியர்கள். குறுவட்டம், மாவட்டம், மண்டலம் என்று பள்ளிப் போட்டிகளில் உங்களோடு ஆடியவர்கள், உங்களைப் பின்தொடர்பவர்கள். "இந்தப் பையன் எப்படிப்பா?" என்று சார் கேட்டதும் காட்டுவதற்கு அவர்களிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். அக்கவுண்டை பிரைவேட் ஆக்கிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். இன்னொரு வழி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். செலக்சன் தேதி கேட்க சார் நம்பரை சேவ் செய்கிறீர்கள். சான்றிதழ் அனுப்பியதும் அவரும் உங்கள் நம்பரை சேவ் செய்கிறார். இரண்டு பக்கமும் சேவ் ஆன நிமிடத்திலிருந்து நீங்கள் போடுகிற ஸ்டேட்டஸ் அவர் போனில் தெரியும். நீங்களாக பிரைவசியில் போய் விலக்கினால்தான் தெரியாது.

அவர்கள் தேடுவது என்ன? போஸ்டைவிட கமெண்ட்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கோயில் நோம்பிக்கு நடக்கும் கபடி, வாலிபால் டோர்னமெண்ட் முடிந்த ராத்திரி, அந்த ஊர்ப் பேஜில் போய்ப் பாருங்கள். "அம்பயர் வெலை போயிட்டான்" என்று தொடங்கி அம்மா அக்காவில் போய் முடியும். போட்டவர் மறுநாள் மறந்திருப்பார். அந்த அம்பயர் வேறொரு கல்லூரியின் பயிற்சியாளராக இருப்பார், அல்லது செலக்சன் அன்று விசில் ஊதுபவராகவே இருப்பார். இந்த வட்டாரத்தில் விளையாட்டு உலகம் அவ்வளவு சின்னது. தோற்ற அன்று ஒரு ஆட்டக்காரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதற்கு அந்த கமெண்ட்டைவிட நல்ல சாட்சி பி.டி.க்குக் கிடைக்காது.

அடுத்தது சாதி ரீல்ஸ். இதை மூடி மறைத்துச் சொல்வதில் பயனில்லை. சாதித் தலைவர் படம், சாதிப் பாட்டு, மணிக்கட்டில் கலர் கயிறு, "சிங்கம் பரம்பரை" கேப்ஷன். எல்லாச் சாதியிலும் இது இருக்கிறது. ஒரு கல்லூரி டீமில் பத்துப் பதினான்கு பேர் ஒரே ஹாஸ்டல் அறைகளில் வாழ வேண்டும். வெளியூர் போட்டிக்கு ஒரே பெட்டியில் படுத்துப் போக வேண்டும். அதைக் கெடுக்கும் ஒருவரை எடுக்க எந்த நல்ல பி.டி.யும் தயங்குவார். மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் தந்த அறிக்கை, கயிறு போன்ற சாதி அடையாளங்களையும் பேசியது. ரீல்ஸில் பட்டியல் சாதியினரை இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும். அதில் முன்ஜாமீனுக்கே தடை இருக்கிறது. இதைப் பேச்சுரிமைக் கணக்கில் சேர்க்க முடியாது. சேர்க்கவும் கூடாது.

மூன்றாவது, வயது. "ஹேப்பி 20" என்று கேக் மேல் மெழுகுவர்த்தி எரிகிறது. சான்றிதழில் பதினெட்டு. இது ஒன்றே போதும், அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு டீமே தகுதி இழந்தால் வருடம் முழுக்க வீண். ஒரே சீசனில் இரண்டு மாவட்டத்துக்கு ஆடிய போட்டோ, வேறொருவர் பெயரில் கெஸ்ட் பிளேயராக இறங்கிய போட்டோ, இவையும் இதே வகை. பீர் பாட்டிலோடு எடுத்த படம் எல்லோரும் நினைக்கிற அளவுக்குக் கெடுப்பதில்லை. கஞ்சா பற்றிய ஜாடை கெடுக்கும், ஏனென்றால் அது ஊக்கமருந்துச் சோதனையிலும் பிடிபடுகிற பொருள். பெட்டிங் ஆப் புரமோசன் இன்னும் மோசம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பண விளையாட்டுக்கு விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியிருக்கிறது.

கட்சி, நடிகர், அரசியல் கருத்து? பெரும்பாலான பி.டி.க்கள் கண்டுகொள்வதில்லை. சிலர் கண்டுகொள்கிறார்கள். அப்படிச் செய்வது தவறு. பதினேழு வயதுப் பிள்ளை அணை நீர் பற்றியோ நீட் பற்றியோ ஒரு கருத்து வைத்திருப்பதற்கும் அவள் 400 மீட்டர் ஓடுவதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பேச்சுரிமை தருகிறது. 19(2) அவதூறு, ஒழுக்கம், பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக மட்டும் நியாயமான கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. 2012-ல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஒரு இளம்பெண் முகநூலில் ஒரு பந்த் பற்றி எழுதினார், தோழி லைக் போட்டார், இருவரும் கைதானார்கள். அதைத் தொடர்ந்து சட்டம் படிக்கும் மாணவி ஸ்ரேயா சிங்கால் தொடுத்த வழக்கில்தான் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே ரத்து செய்தது. எரிச்சலூட்டுகிறது, சங்கடப்படுத்துகிறது என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் தள்ள முடியாது. இன்றும் யாராவது "66ஏ-ல கேஸ் போட்டுருவேன்" என்று மிரட்டினால், அந்தப் பிரிவு செத்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது என்று சொல்லுங்கள்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி உங்களை ஒரு பதிவுக்காக நீக்கினால் உயர் நீதிமன்றம் போகலாம். தனியார் கல்லூரி விசயத்திலும் கதவு மூடவில்லை. 2025 மே மாதம் புனேயில் ஒரு பொறியியல் மாணவி இன்ஸ்டாவில் ஒரு பதிவைப் பகிர்ந்து, சிறிது நேரத்திலேயே அழித்தும்விட்டார். கல்லூரி விளக்கம்கூடக் கேட்காமல் நீக்கியது, போலீஸ் கைது செய்தது. மும்பை உயர் நீதிமன்றம் நீக்க உத்தரவை நிறுத்திவைத்து, தேர்வு எழுத அவரை விடுவிக்கச் சொன்னது. கருத்து சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தண்டிக்கும் முன் கேட்க வேண்டும் என்பது இங்கே முக்கியம். பேச்சுரிமையைத் தனியாருக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று 2023 ஜனவரி 3 அன்று கௌசல் கிஷோர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் "என்னை செலக்ட் பண்ணல" என்று கோர்ட்டுக்குப் போய்க் கட்டணச் சலுகை வாங்க முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். கொடுத்ததைப் பறிப்பதற்கும் கொடுக்காமல் இருப்பதற்கும் சட்டம் பெரிய வித்தியாசம் பார்க்கிறது.

நம் பேச்சுக்கு அப்படியே பொருந்தும் வழக்கு ஒன்று அமெரிக்காவில் நடந்தது. பென்சில்வேனியாவின் மஹனாய் பள்ளியில் 2017-ல் சியர்லீடிங் முதன்மை அணிக்குத் தேர்வாகாத 14 வயது மாணவி, வார இறுதியில் வெளியே நின்று ஸ்நாப்சாட்டில் பள்ளியையும் அணியையும் கெட்ட வார்த்தையில் திட்டினார். பள்ளி அவரை ஜூனியர் அணியிலிருந்தும் ஒரு வருடம் நீக்கியது. 2021 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாணவி பக்கம் நின்றது. வளாகத்துக்கு வெளியே பேசுவதையெல்லாம் பள்ளி காவல் காக்க முடியாது என்றது. கவனியுங்கள், அவர் ஜெயித்தது நீக்கத்தை எதிர்த்துத்தான். முதன்மை அணியில் இடம் கேட்டு அவர் வழக்குப் போடவில்லை.

பழைய பதிவு எத்தனை வருடம் கழித்தும் வரும் என்பதற்கு நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் இங்கிலாந்து கிரிக்கெட் பௌலர் ஆலி ராபின்சன். 2021 ஜூனில் லார்ட்ஸில் டெஸ்ட் அறிமுகமான அன்றே, பதினெட்டு பத்தொன்பது வயதில் அவர் போட்ட இனவெறி, பெண் வெறுப்பு ட்வீட்டுகள் வெளியே வந்தன. ஏழு விக்கெட் எடுத்த மேட்ச் முடிந்ததும் இடைநீக்கம். கடைசியில் எட்டு ஆட்டத் தடை, அதில் ஐந்து நிறுத்திவைப்பு, 3,200 பவுண்டு அபராதம்.

ஆகவே அழிக்க வேண்டியதை அழியுங்கள். வரிசை முக்கியம். முதலில் இன்ஸ்டா செட்டிங்ஸில் போய் உங்கள் தகவல் முழுவதையும் டவுன்லோட் செய்யுங்கள். எட்டாவது படிக்கும்போது போட்ட கமெண்ட் வரை அதில் இருக்கும். பிறகு "உங்கள் செயல்பாடு" பகுதியில் கமெண்ட்டுகளைப் பல பலவாகத் தேர்ந்து நீக்கலாம். மற்றவர்கள் உங்களை டேக் செய்வதற்கு நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் தெரியும்படி மாற்றுங்கள். பாதித் தொல்லை நண்பர்கள் டேக் செய்வதில்தான் வருகிறது. மறந்துபோன பழைய அக்கவுண்ட்டுகளைப் பெயர், பழைய நம்பர் வைத்துத் தேடி மூடுங்கள். முகநூலில் பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதி இருக்கிறது. எக்ஸ் தளத்தில் 2024 ஜூன் முதல் உங்கள் லைக் மற்றவர்களுக்குத் தெரியாது, ஆனால் ரீபோஸ்ட் தெரியும். பிறர் எழுதியதைப் பகிர்ந்தேன், படிக்கவே இல்லை என்ற சாக்கு எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018-ல் பகிர்ந்த ஒரு நடிகர் இதே வாதத்தோடு உச்ச நீதிமன்றம் வரை போயும், 2023 ஆகஸ்டில் வழக்கை ரத்து செய்ய அது மறுத்துவிட்டது.

வசை, சாதி, பெண்களைக் கேலி செய்வது, போலி வயது: இவை போக வேண்டியவை. கருத்து போக வேண்டியதில்லை. காலி அக்கவுண்ட் நல்ல அக்கவுண்ட் என்று பி.டி.க்கள் நினைப்பதும் இல்லை. செலக்சனுக்கு முந்தின வாரம் எல்லாம் துடைத்து வைத்திருந்தால் சீனியர்கள்தான் முதலில் சந்தேகப்படுவார்கள்.

செலக்சனில் அநியாயம் நடந்தால் பேசக்கூடாதா? பேச வேண்டும். எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "கமிட்டி காசு வாங்கிட்டாங்க" என்பது ஒரு குற்றச்சாட்டு. ஆதாரம் இல்லையென்றால் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறு, இரண்டு வருடம் வரை சிறைக்கு இடமுண்டு. "செலக்சன் மோசம், வெளிப்படையா இல்லை" என்பது கருத்து, அதற்குப் பாதுகாப்பு உண்டு. அதைவிட வலுவானது இது: "மாவட்டத் தேர்வில் 100 மீட்டரில் என் நேரம் 11.1 நொடி. தேர்வானவர்களின் நேரப் பட்டியலை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்." இதில் யாரையும் திட்டவில்லை, பதில் சொல்லாமல் தப்பிக்கவும் முடியாது. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி எல்லாம் இதற்குள் வரும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. போஸ்ட் மறுநாள் அழிந்துவிடும், மனு கோப்பில் இருக்கும்.

சீட் உறுதியானதும் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளைப் படியுங்கள். "கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தால் சலுகை ரத்து" என்ற வரி இருக்கும். களங்கம் என்றால் என்ன, முடிவு செய்வது யார், விளக்கம் கேட்பார்களா, நடு வருடத்தில் ரத்தானால் பழைய கட்டணத்தையும் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று அப்பாவோ மாமாவோ பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். "கேட்டதுக்கு எழுத்துல ஒரு வரி போட்டுத் தாங்க சார்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 அறிவிப்பு. ஆட்டக்காரரின் முகத்தைப் பிளக்ஸிலும் ரீல்ஸிலும் போட்டு அட்மிசன் விளம்பரம் செய்யும் நிர்வாகம், அதே ஆட்டக்காரர் வாய் திறந்தால் பதறுவது நியாயமில்லை. எதற்கு நடவடிக்கை, எதற்கு இல்லை என்று ஒரு பக்கத்தில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட எந்தச் செலவும் ஆகாது.

நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். பவானியிலோ தாராபுரத்திலோ இருக்கும் பிள்ளையைக் கோவைக் கல்லூரிக்குத் தெரியவைப்பது இதே போன்தான். மூன்று நான்கு நிமிட வீடியோ போதும். வாலிபால் என்றால் பின்கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் கேமரா. கிரிக்கெட் என்றால் பௌலர் கைக்குப் பின்னால். ஓட்டம் என்றால் துப்பாக்கிச் சத்தத்திலிருந்து கோடு தாண்டுவது வரை வெட்டாமல். சினிமாப் பாட்டு வேண்டாம், காப்புரிமை காரணமாக ஒலியே போய்விடக்கூடும். ஹைலைட்டோடு வெட்டாத ஒரு முழு செட்டும் அனுப்புங்கள். தவறு செய்த பிறகு அடுத்த பந்துக்கு எப்படி நிற்கிறார் என்பதைத்தான் அனுபவசாலி பார்ப்பார். செய்தி இவ்வளவு இருந்தால் போதும்:

"வணக்கம்ங்க சார். பவானிங்க, பிளஸ் டூ முடிச்சிருக்கேன். வாலிபால், அவுட்சைட் ஹிட்டர், உயரம் 184 செ.மீ. குடியரசு தினப் போட்டியில மாநில அளவு ஆடியிருக்கேன்ங்க. முழு செட் வீடியோ கீழ இருக்குங்க. செலக்சன் தேதி சொன்னீங்கன்னா அப்பாவோட வந்தர்றேன்ங்க."

சான்றிதழ் படத்தைப் பொதுவில் போடாதீர்கள். பிறந்த தேதி, பதிவெண், கையெழுத்து எல்லாம் போலி தயாரிப்பவருக்குத் தீனி. "ஸ்கவுட்" என்று டி.எம்.மில் வந்து பதிவுக் கட்டணம் கேட்பவரிடம் கல்லூரி லேண்ட்லைன் நம்பர் கேட்டு, அதில் கூப்பிட்டு விசாரியுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

டென்னிஸ், ஸ்குவாஷ், நீச்சல் என்று அமெரிக்கக் கல்லூரிக்கு முயல்பவர்களுக்கு விதி வேறு. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் பல விளையாட்டுகளுக்குப் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் கோச் உங்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப முடியாது. 2016-லிருந்து கோச் உங்கள் பதிவுக்கு லைக் போடலாம், பகிரலாம், ஆனால் கமெண்ட் போடக்கூடாது. லைக் வந்ததை அழைப்பு என்று எண்ணாதீர்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பேச்சுரிமை கட்டுப்படுத்தும், தனியார் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. விசா விண்ணப்பத்தில் கடைசி ஐந்து வருடம் பயன்படுத்திய அக்கவுண்ட் பெயர்களைத் தர வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் அக்கவுண்ட்டுகளைப் பொதுவில் திறந்து வைக்கவும் சொல்கிறார்கள். இங்கே பிரைவேட் ஆக்கிக் காப்பாற்றியது அங்கே கான்சுலேட்டில் திறக்கும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருந்துகொண்டு காசு வாங்கி பிராண்ட் போஸ்ட் போட்டால் விசாவுக்கே ஆபத்து. கூட ஆடும் அமெரிக்கப் பிள்ளைகள் 2021 ஜூலை முதல் சம்பாதிக்கிறார்களே என்று இறங்கிவிட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. பயிற்சியாளரோ நிர்வாகியோ தப்பாக மெசேஜ் அனுப்பினால், தொட்டால், "சீட் போயிரும், வெளியே சொல்லாதே" என்பார்கள். இந்த இடத்தில் அடக்கம் வேண்டவே வேண்டாம். சாட் மெசேஜ்களை அழிக்காதீர்கள். தேதி, நேரம், நம்பர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனிலும் வையுங்கள். பதினெட்டுக்குக் கீழ் என்றால் சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டமான போக்சோ, உதவிக்குக் குழந்தைகள் எண் 1098. அதற்கு மேல் என்றால் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார், அல்லது நேராகக் காவல் நிலையம், உதவிக்கு 181. பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளம் தெரியும் படத்தையோ தோழிகள் ஸ்டோரியில் போட்டுவிடக் கூடாது. போக்சோ வழக்கில் அதுவே தனிக் குற்றம். உள்ளகக் குழுவிடம் போன புகாரின் விவரங்களை வெளியிடுவதற்கும் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவில் தடை இருக்கிறது. புகாரைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் அதே புகாரைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.